பேர் தெரியாத ஓ நெகட்டிவ்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை மத்தியானம், செம்பாக்கத்துல எங்க வீட்டு ஹால்ல நடந்தது இது.

வாரம் பூரா ஐ.டி. கம்பெனி வேலை. லீவு நாள்ல எங்க ஏரியா ரத்ததானக் குழுவோட வெப்சைட்டை நான்தான் சும்மா பார்த்துக்கறேன். சைட்டுக்குப் பின்னாடி ஓடுற சர்வர் சாப்ட்வேர் ரொம்பப் பழசு. புது வெர்ஷனுக்கு மாத்தச் சொல்லி மெயில் மேல மெயில். "முதல்ல ஒரு நகல் எடுத்து அதுல சோதிச்சுப் பாரேன்"னு என் கணவர் சொன்னார். ஆபீஸ்ல இதைவிடப் பெரிய சர்வரையெல்லாம் மேய்க்கறவ நான், எனக்கே பாடமான்னு நேரா கை வெச்சேன்.

அரை மணியில முடிஞ்சுது. சைட்டும் திறந்துது. பெருமையா டீ போட்டுக்கிட்டு வந்து ரத்தம் குடுக்கறவங்க லிஸ்ட்டைப் பார்த்தா, அடக் கடவுளே! தமிழ்ல இருந்த பேரு, ஊரு எல்லாம் கட்டம் கட்டமா நிக்குது. போன் நம்பரும், இங்கிலீஷ்ல இருந்த ரத்த குரூப்பும்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தானா போன் வரணும்? தாம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில இருந்து ஒருத்தர். மனைவிக்குப் பிரசவத்துல சிக்கல், சாயந்திரம் ஆபரேஷன், ஓ நெகட்டிவ் இன்னும் ஒரு யூனிட் வேணும், ரெண்டு மணிக்குள்ள ஆள் வந்தாகணும். "உங்க சைட்டுல ஒண்ணுமே புரியலை மேடம்"னு சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைஞ்சிடுச்சு. பழையபடி மாத்த எனக்கு மூணு மணி நேரமாவது ஆகும்.

நம்பரை வெச்சு ஒவ்வொருத்தரா கூப்பிட ஆரம்பிச்சேன். முதல் ஆள் திருச்சியில இருக்காராம். அடுத்த ரெண்டு பேரும் நான் பேசி முடிக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டாங்க. பேர் சொல்லத் தெரியாதவளை இந்தக் காலத்துல யார் நம்புவா? நாலாவது ஆள் கட் பண்ணலை, சண்டைக்கு வந்தார்.

"இன்னாமா, பேரு தெரியாதுன்ற, பிளட் குரூப்ப மட்டும் கரெக்டா சொல்ற? அட்த்து ஓ.டி.பி. கேப்பியா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துது. "ஓ.டி.பி.யெல்லாம் வேணாம்ணா, ரத்தம்தான் வேணும்! என் திமிர்ல லிஸ்ட்டைக் கெடுத்து வெச்சிட்டேன். அங்க ஒரு பொண்ணு உசுருக்குப் போராடிக்கிட்டிருக்கா"ன்னு கத்திட்டேன்.

அவர் சிரிச்சுட்டார். "சரி, ரத்தத்த போன்லயே உருவ முடியாதில்ல. ஆஸ்பத்திரி பேரச் சொல்லு. விசாரிச்சுட்டுத்தான் வருவேன்."

விசாரிச்சார். அனகாபுத்தூர்ல இருந்து பைக்ல கிளம்பி ரெண்டு மணிக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார்.

ஆறரைக்கு அந்தப் பொண்ணோட கணவர் கூப்பிட்டார். "பொண்ணு பொறந்திருக்கு மேடம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." என் தப்பாலதான் சைட் கெட்டுச்சுன்னு அவர்கிட்ட ஒத்துக்கிட்டேன். பாவம், அவர் அதைக் காதுலயே வாங்கலை, குழந்தையோட எடையைச் சொல்லிக்கிட்டிருந்தார். போனை வெச்சிட்டு ஓன்னு அழுதேன்.

இப்பல்லாம் நகல்ல சோதிச்சுப் பார்க்காம எந்த சர்வரையும் தொடறதில்லை. ஆனா, 'யாரையும் நம்ப முடியாத காலம் இது'ன்னு யாராவது சொன்னா மட்டும், சந்தேகப்பட்டாலும் விசாரிச்சுப் பார்த்துட்டு பைக்கை எடுத்தாரே ஒரு மனுஷன், அவர் ஞாபகம் வந்து எனக்குத் தலையாட்ட வரமாட்டேங்குது.