கிங்பின்னில் வண்டி மை

பழைய லாரி ஒன்று வளைவில் திரும்பும்போது முன்சக்கரத்தில் டொக்கென்று கேட்டால், கோளாறு எங்கே என்று இன்றைக்கும் சொல்லிவிடுவேன். கூடவே என் தாய்மாமன்மேல் கோபமும் வந்துவிடும். ஒன்பது வயதுப் பெண்மேல் அவர் போட்ட பழி அப்படிப்பட்டது.

அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் மாமன் வீட்டோடு இருந்தோம். மாமன் மாட்டுவண்டி ஓட்டியவர். யுத்தகாலத்தில் கடத்தூர் மண்டிக்காரர் ஒருவர் பழைய சின்ன லாரி வாங்கி, சித்தேரி மலை அடிவாரத்திலிருந்து புளி ஏற்றிவர மாமனை டிரைவராக வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மாமனின் நடையே மாறிவிட்டது.

சந்தை நாளில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். ஒருமுறை முன்பக்கம் டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

"உன் கொலுசுதான் புள்ள. கழட்டு" என்றார்.

கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சத்தம் போகவில்லை. அடுத்து என்னையே கழற்றிப் பின்னால் புளிமூட்டைமேல் உட்காரவைத்தார். அப்போதும் சத்தம் வந்தது. அதற்காக என்னைத் திரும்ப முன்னால் கூப்பிட்டாரா என்றால், அதுவும் இல்லை!

மண்டி வாசலில் வண்டி திரும்பியபோது முதலாளி காதிலும் அது விழுந்துவிட்டது. அவரே எங்களோடு ஃபிட்டர் பாயின் பட்டறைக்கு வந்தார்.

"எப்ப சத்தம் வருது?" என்று பாய் கேட்டார்.

"பள்ளத்துல எறங்குனா வருதுங்க" என்றார் மாமன்.

"இல்லீங்க, வளையறப்பதான் வருது" என்றேன் நான். மாமன் முறைத்தார். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ ஏறு பாப்பா. ஸ்டியரிங்க இப்படியும் அப்படியும் திருப்பு."

ஜாக்கி போட்டு முன்சக்கரங்களைத் தூக்கியிருந்தார். நான் திருப்பத் திருப்ப, ஒரு கட்டையின் ஒரு முனையை இரும்பில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார், சத்தமில்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், டொக். சக்கரம் திரும்புவதற்காக அச்சின் முனையில் நிற்கிற தடித்த ஆணியைக் கிங்பின் என்பார்கள். அதன் மூடியை ஸ்பானர் போட்டும் வராமல் சுத்தியால் தட்டித்தான் கழற்றினார். உள்ளே கருகருவென்று நறநறத்தது.

"இதென்ன, வண்டி மை! வைக்கோல் கரி ஆணிய அரிச்சே தின்னுடுச்சே. இத எவன் வச்சது?"

எனக்குத் தெரியும். கிரீஸ் கிடைக்காத நாளில், மாட்டுவண்டிக்கடியில் தொங்கிய மூங்கில் குழாயிலிருந்து, வண்டி அச்சுக்குப் போட விளக்கெண்ணெயில் குழைத்த அந்த மையை மாமன்தான் வழித்துக்கொண்டு போனார். மாட்டுக்கும் லாரிக்கும் ஒரே வைத்தியம்!

முதலாளியின் முகம் கறுத்தது. "டிரைவர்னு சொல்லித்தான வந்த?"

மாமன் கூசாமல் சொன்னார்: "இந்தப் புள்ள வெளையாட்டுல அப்பிடுச்சுங்க."

"நான் இல்ல! மாமாதான்..." என்று நான் கத்துவதற்குள் பாய் குறுக்கே பேசினார். "சின்னப் புள்ளைங்க கை எங்கதான் போகாது? விடுங்க மொதலாளி, வேற பின் போட்டுடலாம்."

சுத்தியால் தட்டிக் கழற்றிய அதே மனிதர்! என் கை அங்கே போகாது என்று அவருக்குத் தெரியாதா? மாமனைவிட அவர்மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம் வந்தது. முதலாளி முகம் தெளிந்து, என் தலையில் செல்லமாகக் குட்டினார். அதுவும் வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமன் அதையே அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதுகில் இரண்டு வைத்தாள். வைத்துவிட்டு அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடி வாங்கியவள் நான், அழுவது இவளா என்று எனக்கு இன்னும் பொங்கியது.

மாமன் என் வட்டிலில் களி உருண்டையை வைத்து, "தின்னு புள்ள" என்றார். குழம்பையும் அவரே ஊற்றினார். நான் வட்டிலைத் தள்ளிவிட்டேன். அந்தக் களி எங்களுக்கு அந்த லாரிச் சம்பளத்தில்தான் வந்துகொண்டிருந்தது என்பது அந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரியாது.