இல்லாத கட்டி

பயிற்சி டாக்டர்கள் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கும் விதத்துக்குப் புள்ளி போடுவது பல வருடங்களாக என் வேலைகளில் ஒன்று. புள்ளி அட்டையைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பேன். கை கழுவினாரா, நோயாளியிடம் அனுமதி கேட்டாரா, கண்டதைச் சரியாகச் சொன்னாரா என்று பார்ப்பேன். இருப்பதைத் தவறவிட்டால் கொஞ்சம் குறைப்பேன். இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் மட்டும் மன்னிக்கவே மாட்டேன். கடுமையான ஆள் என்று எனக்குப் பெயர். உண்மையைச் சொன்னால், அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

நாவுல என்ற ஊரில் நெல்லும் கத்தரியும் பயிரிடும் ஒரு முஸ்லிம் பெரியவர் ஆறு வருடமாக எங்கள் பரீட்சைகளுக்கு நோயாளியாக வந்தார். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். அவருடைய இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் ‘உஸ்’ என்று தெளிவாகக் கேட்கும். கல்யாணத்துக்குப் போகிறவர் போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விடிய பஸ்ஸில் வந்து இறங்குவார்.

“இன்னைக்கு எத்தன பேரு டொக்டர் என்ட நெஞ்சத் தட்டப் போறாங்க?” என்று சிரிப்பார்.

பரீட்சை தொடங்குமுன் நாங்களே நோயாளியை ஒரு முறை பரிசோதித்துக் குறிப்பு எழுத வேண்டும் என்பது ஒழுங்கு. நானாவைப் பற்றி எனக்குத் தெரியாததா? போன முறை எழுதிய குறிப்பையே அட்டையில் செருகினேன். பரிசோதிப்பவர்களிடம் நோயைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அவரிடம் வழக்கம்போல் சொல்லிவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஐந்தாவதாக வந்தவள் ஒல்லியான பெண். தொடுமுன் கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டாள். இதயத்தின் சத்தத்தைச் சரியாகச் சொன்னாள். கழுத்து நரம்பைப் பார்த்தபோது அவள் விரல்கள் இடது காறை எலும்புக்கு மேலே நின்றன. மறுபடியும் அதே இடத்தில் அமுக்கிப் பார்த்தாள். அங்கே சின்னதாக, கெட்டியாக ஒரு கட்டி இருக்கிறது என்றாள்.

என் கண் அட்டைக்குப் போனது, நானாவின் கழுத்துக்குப் போகவில்லை. அட்டையில் கட்டி இல்லை. பரீட்சை ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் கோபம் வந்தால் என் வாயில் அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும்.

“இல்லாததைச் சொல்லிப் புள்ளி வாங்கலாம் எண்டு நினைச்சீரோ? ஆறு வருசமா இவரைப் பாக்கிறன் நான்.”

அவள் முகம் செத்துப்போனது. “சொரி சார், நான் பிழையா நினைச்சிட்டேன்” என்றாள். அவளைப் பெயிலாக்கினேன். அன்று பகல் சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு நானா என்னிடம் வந்தார். பெரும்போக அறுவடை முடிந்ததும் மகளுக்கு நிக்காஹ், கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து மாதம் கழித்து என் கிளினிக்குக்கு வந்தபோது அதே வெள்ளைச் சட்டை அவர் உடம்பில் தொங்கியது. வயிறு எரிகிறது என்று அத்தனை நாளும் பார்மசியில் கேஸ்ட்ரிக் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். என் கை தானாகவே காறை எலும்புக்குப் போனது. கொட்டைப்பாக்கு அளவில் கட்டி. வயிற்றில் தொடங்கும் புற்றுநோய் அந்த இடத்திலும் வந்து தலைகாட்டும் என்பது எங்களுக்கு மாணவப் பருவத்திலேயே சொல்லித் தரப்படுவது.

“இது எப்ப இருந்து நானா?”

“நோம்புக்கு முந்தியே இருந்திச்சு டொக்டர். அந்தப் புள்ள அமுக்கினப்போ சொல்லத்தான் பாத்தேன். நீங்க பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களே.”

எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. இன்றும் கூசுகிறது. அன்றே கண்டிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று கூட வேலை செய்யும் டாக்டர்கள் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அன்றே தெரிந்திருந்தால் மகளின் நிக்காஹ்வை முன்னுக்கு எடுத்திருப்பாரே! கிளினிக்குக்கு வந்து சில நாட்களிலேயே, நிக்காஹ்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் மவுத்தானார்.

அந்தப் பெண் மறுபடி பரீட்சை எழுதிப் பாஸாகி, தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள் என்று விசாரித்து அறிந்தேன். நம்பரை வாங்கியும் இரண்டு வாரம் போன் எடுக்கத் தைரியம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தேன். யாரென்று சொன்னதும், “சொல்லுங்க சார்” என்றாள் அதே பயத்தோடு. கட்டி இருந்தது, உங்கள் கை சரி, பிழை என்னுடையது என்றேன். நானா போய்விட்டதையும் சொன்னேன்.

“அவருக்கு ரொம்ப வலிச்சிச்சா சார்?” என்று கேட்டாள்.

“ஓம், வலிச்சது.”

அவள் அழுவது கேட்டது.

“அன்னைக்கு என் விரலுக்கு நல்லாத் தெரிஞ்சிச்சு சார். நீங்க இல்லைன்னதும் நானும் இல்லைன்னே நம்பிட்டேன். இப்பவும் யாருக்காவது சின்னதா ஒண்ணு கையில தட்டுப்பட்டா, பயத்துல இல்லைன்னே எழுதிடுறேன்.”