கணக்கில் வராத தமிழ்த் தாள்

மகள் கல்லூரியில் சேர்ந்த அன்று டைரியில் நான் எழுதியது ஒரே வரி: "ஒரு வருடம் நாகர்கோவில், பிறகு திருவனந்தபுரம்." வீட்டில் அப்படித்தான் முடிவாகியிருந்தது. நாங்கள் நினைத்த திருவனந்தபுரம் கல்லூரியில் அவளுக்கு முதல் சுற்றில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்களுக்கென்று சில இடங்கள் இருந்தன. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர்தான் இந்த யோசனையைச் சொன்னார். "அங்க அக்கா வீடு இருக்குலா, ஹாஸ்டல் கூட வேண்டாம்" என்றார்.

எனக்குக் கருங்கல் பக்கம் ஒரு பள்ளியில் அலுவலக வேலை. மாற்றுச் சான்றிதழ் எழுதுவது என் பொறுப்பு. ஒரு பிள்ளை இடம் மாறும்போது எது இடிக்கும் என்று எனக்குத் தெரியும். முதன்மைப் பாடம் அநேகமாக இடிக்காது. கணிதம் எங்கே போனாலும் கணிதம்தான். சுற்றி இருக்கும் சில்லறைத் தாள்கள்தான் காலை வாரும். அந்தத் திருவனந்தபுரம் கல்லூரியின் விதிகளை வரவழைத்துப் படித்தேன். மாறி வரும் மாணவர் தம் துறைக்கு வெளியே, வேறு துறைத் தாள்கள் இரண்டை முதல் ஆண்டிலேயே முடித்திருக்க வேண்டும் என்றிருந்தது.

நாகர்கோவில் கல்லூரியில் பருவத்துக்கு ஒன்றாக அப்படி இரண்டு தாள்கள் உண்டு. எதை எடுப்பது என்பது மாணவர் விருப்பம். கணினி இருந்தது, பொருளியல் இருந்தது, விலங்கியல் துறை நடத்தும் தேனீ வளர்ப்புகூட இருந்தது. கணினிக்கும் பொருளியலுக்கும் நேரே நான் பென்சிலால் குறித்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மகள் என்னிடம் வந்து, மொழிப்பாடத்துக்குத் தமிழுக்குப் பதிலாக மலையாளம் எடுக்கலாமா என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. மலையாளம் எடுத்தால் மார்க் அள்ளலாம் என்பது இங்கே பஸ் ஸ்டாண்டில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்லும் செய்தி. அவள் பள்ளியிலேயே மலையாளம் எழுதப் படிக்கக் கற்றவள். போகப்போவதும் திருவனந்தபுரத்துக்கு. இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு முன்யோசனையா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாகர்கோவில் கல்லூரியில் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. வேறு மொழி எடுப்பவர்கள், வேறு துறைத் தாளுக்குப் பதிலாக அந்த நேரத்தில் பருவத்துக்கு ஒரு தமிழ்த் தாளைப் படிக்க வேண்டும். அதையும் யோசித்தேன். கணிதம் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்த்துறை வேறு துறைதானே. ஆக, தமிழ்த் தாள் இரண்டும் வேறு துறைத் தாள் இரண்டாக ஆகிவிடும். பென்சில் குறியை அழித்தேன்.

"நல்லா பாத்தியாம்மா?" என்றாள்.

"பாத்தாச்சு."

அவள் படிவத்தில் மலையாளம் என்று எழுதினாள்.

முதல் ஆண்டு தேர்வு முடிவு வந்ததும் இருவரும் இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போனோம். மதிப்பெண் நன்றாக இருந்தது. சான்றிதழ்களைக் கேட்கப்படும் வரிசையிலேயே அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன். கல்லூரி அலுவலகத்தில் என் வயதுள்ள ஓர் அம்மா, மாறி வருகிறவர்களைக் கவனிக்கும் இருக்கையில் இருந்தார். மதிப்பெண் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். வேறு துறைத் தாள் எங்கே என்று கேட்டார். தமிழ்த் தாள்களைக் காட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டினார். மொழி சம்பந்தப்பட்ட எதையும் அவர்கள் வேறு துறைத் தாளாக எடுத்துக்கொள்வதில்லையாம்.

நான் என் வாதத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சான்றிதழில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்தார், பிறகு என் மகளைப் பார்த்தார்.

"மோளே, அன்னே ஞான் பறஞ்சதல்லே?" என்றார்.

அன்றைக்கே சொன்னேனே என்று. வேறு யாரோ என்று நினைத்துப் பேசுகிறார் என்றே எனக்குப் பட்டது. அந்த அம்மா தமிழும் மலையாளமும் கலந்து எனக்கு விளக்கினார். போன வருடம் சேர்க்கை நேரத்தில் கருங்கல்லிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்ததாம். மலையாளம் எடுத்துவிட்டுத் தமிழ்த் தாள் படித்தால் அது கணக்கில் வருமா என்று கேட்டதாம். வராது என்று இவர் சொல்லியிருக்கிறார். ஃபோன் செய்கிற எல்லாரும் "எப்படியாவது வருமா" என்றுதான் கேட்பார்களாம். இந்தப் பெண் மட்டும், "கண்டிப்பா வராதுல்லா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டதாம். அதனால்தான் மறக்கவில்லை என்று சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. மேசையில் பரத்தியிருந்த சான்றிதழ்களை எடுத்து நான் அடுக்கியிருந்த அதே வரிசையில் உறைக்குள் வைத்தாள்.

ஒரு வழி உண்டு என்று அந்த அம்மா சொன்னார். முதல்வருக்கு மனுக் கொடுத்தால் விடுமுறையில் அந்த இரண்டு தாள்களுக்கும் தனித்தேர்வு எழுத அனுமதிப்பார்களாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. ஸ்டேஷனுக்கு எப்படி வந்தோம் என்பதும் நினைவில்லை.

ரயில் நெய்யாற்றின்கரை தாண்டும்வரை உறையில் இருந்த சான்றிதழ்களை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு, "எதுக்குட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிளஸ் டூ விடுமுறையில் அவள் அத்தை வீட்டில் கொஞ்ச நாள் தங்கியிருந்தாள். அப்போது அத்தை மாடி அறையைக் காட்டி, எந்த நிறத்தில் பெயிண்ட் அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். படிக்கும்போது மட்டும்தானே, எந்த நிறமானால் என்ன என்று இவள் சொல்லியிருக்கிறாள். "படிப்பு முடிஞ்சாலும் நீ இஞ்சதான். உனக்க அப்பாட்ட பேசியாச்சு" என்றிருக்கிறார் அத்தை. அவருக்கு ஒரே மகன். ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அத்தை மகன், முறை மாப்பிள்ளை.

"உங்கிட்டயும் பேசியிருப்பாவன்னுதான் நினைச்சேன். நீ அந்தக் காலேஜுக்க ரூல்சை எல்லாம் அப்பிடி உக்காந்து படிச்சியா, பெறவுதான் உனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சு."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா நீ அப்பாட்ட கேப்ப. அப்பா இல்லன்னு சொல்லிருவாவ. நான் பொய் சொன்னதா ஆயிரும்."

"போமாட்டேன்னாவது சொல்லிருக்கலாம்."

"போமாட்டேன்னா ஏன்னு கேப்பிய. கிடைக்கலன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாவ."

அந்தப் பையனைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "அத்தானுக்கே இது தெரியுமோ என்னமோ. அது பாட்டுக்குக் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு இருக்கும்" என்றாள். இரணியலில் இறங்கும்போது என் கையில் இருந்த உறையை அவள் வாங்கிக்கொண்டாள்.

பிள்ளை சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அத்தை ஆசையில் ஏதாவது சொல்லியிருப்பார், இவள் அதைப் பெரிதாக்கியிருப்பாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் கணவர் அழைத்தபோது நேராகக் கேட்டேன்.

"அக்கா கேட்டா, சரின்னேன்" என்றார், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. "படிப்புக்கும் ஆச்சு, அதுக்கும் ஆச்சு. நல்ல பயதானே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நீ நூறு கேள்வி கேப்ப."

பதினெட்டு வயதுப் பெண்ணும் அவளுடைய அப்பாவும் ஒரே விஷயத்தை என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். இருவர் சொன்ன காரணமும் ஒன்றுதான், நான் கேள்வி கேட்பேன் என்பது. அந்த ஒரு வருடமும் நடுவில் உட்கார்ந்து, இது எந்தத் துறை, அது எந்தத் துறை என்று பார்த்துப் பார்த்து அவளை அந்த மாடி அறைக்கு அனுப்ப வழி செய்துகொண்டிருந்தவள் நான்.

முதல்வருக்கான மனுவை, ஊர் திரும்பிய அன்றே பழக்கதோஷத்தில் எழுதி முடித்திருந்தேன். அது என் கைப்பையில் கிடந்தது. வியாழக்கிழமை சாப்பிடும்போது மகள், "நாளைக்கு லீவு போட்டிருக்கியா?" என்றாள். இல்லை என்றேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் போய், வேறு பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் அழைத்தார். மகள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விசாரிப்பு முடிந்ததும் நாத்தனார் விஷயத்துக்கு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். தமிழ்த் தாள் கணக்கில் வராது, வேறு துறைத் தாள் இரண்டு வேண்டும், பிள்ளையிடம் அது இல்லை. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"மனு குடுத்தா சரியாவும்னு கேள்விப்பட்டேனே."

"தேதி முடிஞ்சு மைனி."

"மாடியில பெயிண்டும் அடிச்சாச்சே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வாடகைக்கு விடலாம் மைனி. காலேஜ் பக்கம்லா, பிள்ளையள் வரும்."

"அப்ப அடுத்த வருசம் பாப்போம்" என்றார்.

"அடுத்த வருசம் கடைசி வருசம் மைனி. கடைசி வருசத்துக்கு மாத்தி எடுக்க மாட்டாங்க."

ஃபோனை வைத்தேன். கணவரிடம் பேச வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

மகள் ஒரு சுடிதாரைப் பாதி மடித்த நிலையில் என்னைப் பார்த்தாள்.

"கடைசி வருசம் எடுக்க மாட்டாங்களாம்மா? நிசமாவா?"

"ஃபோன் பண்ணிக் கேட்டேன்" என்றேன். "ரெண்டு தடவை."