சீப்புச் சின்னத்தில் நின்றேன்

மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு நான் சுயேச்சையாக மனு கொடுத்த விஷயம், பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லித்தான் என் மனைவிக்குத் தெரிந்தது. இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. மனு கொடுத்ததைச் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாமல் கொடுத்ததைச் சொல்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். அதில் பெரும்பகுதி சிறுமலை பஸ். விடிவதற்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பினால், திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். மலையில் எந்த வீட்டில் கல்யாணம், யார் தோட்டத்தில் காற்றுக்கு வாழை சாய்ந்தது எல்லாம் எனக்கு அத்துப்படி. என் தெருவில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் பகலில் என் வீடு எப்படி நடக்கிறது என்று பார்த்தேன். எல்லாமே குடிதண்ணீரைச் சுற்றித்தான் நடந்தது. எந்த நாள் வரும், எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆயக்குடியில் என் மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, வாசலில் செருப்பை மாட்டும்போது தெருவில் ஒரு குரல்: "தண்ணி வந்துருச்சு!" அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடத்தை எடுத்தாள். "நீ போ, நான் இருந்து பிடிச்சு வைக்கிறேன்" என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்து, மூன்றாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்: "எங்கண்ணன் மக கல்யாணத்துக்கும் இப்படித்தான் ஆச்சு. நீங்க அப்ப டூட்டில இருந்தீங்க."

குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும். பஸ்ஸில் அதற்காகவே பெயர் வாங்கியவன். அடுத்த மாதம் தேர்தல் அறிவிப்பு வந்ததும் நேராகப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "யாருக்காக நிக்கிறீங்க?"

"உனக்காகத்தான்."

"எனக்காகன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? இம்புட்டு வருசமா தண்ணி பிடிச்சவ நானு. நிக்கிறது நீங்களா?"

எங்கள் வார்டு பொது வார்டு. ஆணும் நிற்கலாம், பெண்ணும் நிற்கலாம். அவளை நிற்கச் சொல்லலாம் என்ற எண்ணம் எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. வந்தபோது மனு கொடுக்கும் நாள் முடிந்திருந்தது. அன்றிலிருந்து சோறும் வெஞ்சனமும் நேரத்துக்குத் தட்டில் விழுந்தன. பேச்சு மட்டும் இல்லை. ஜெயிப்பதோ தோற்பதோ அப்போதே எனக்கு இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது. இவள் மறுபடி என்னோடு பேசுவாளா என்பதுதான் கவலை.

சின்னம் ஒதுக்கும் நாளில் பூட்டு கேட்டேன். திண்டுக்கல்லில் யார்தான் கேட்க மாட்டார்கள்? மூன்று சுயேச்சைகள் அதையே கேட்டதால் குலுக்கல் போட்டார்கள். பூட்டு வேறொருவருக்குப் போய்விட்டது, எனக்குக் கிடைத்தது சீப்பு. என் தலையில் முடி இருந்த காலம் எனக்கே மறந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர், "வாங்க மேயரே! சீப்பை வச்சு எதைச் சீவப் போறீங்க?" என்றார். கவுன்சிலரைத்தான் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று அவருக்கு விளக்கினேன். "அப்ப முதல்ல கவுன்சிலர் ஆகுங்க" என்று சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தார்.

தனியாகத்தான் ஓட்டுக் கேட்கக் கிளம்பினேன். பழக்கதோஷம், கண்டக்டர் மாதிரியே கேட்டேன். ஒரு வாசலில் அரை நிமிடம், நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வாசல். முதல் நாள் காலையிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரு அம்மா நிறுத்திக் கேட்டார்: "தண்ணி சீரா வர வைப்பேன்னு போட்ருக்கீங்களே, எங்க வரிசைக்கு எந்த வால்வுல தொறக்குறாங்கன்னு தெரியுமாண்ணே?" எனக்குத் தெரியாது. அடுத்த தெருவில், தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய் வீட்டில் அவருடைய மனைவி நோட்டீஸில் இருந்த போட்டோவை உற்றுப் பார்த்தார். "நீங்க நம்ம தையக்கார அக்கா வீட்டுக்காரரா? அக்கா ஏன் வரல? அவங்க நிக்கிறாங்கன்னுல்ல நெனச்சோம்!" அன்று மட்டும் எட்டு வாசலில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள்.

மலையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஓட்டு இருந்தவர்களுக்கோ அவளைத்தான் தெரிந்திருந்தது.

நான்காம் நாள் மதியம், மிச்ச நோட்டீஸ்களோடு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "நீதான் நின்னுருக்கணும். உன்னைக் கேக்காம செஞ்சது அதைவிடத் தப்பு. இனி பேரை மாத்த முடியாது. எனக்காக வரச் சொல்லல. அவங்க கேக்குறதுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியல."

மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் பேசும்போது குறுக்க பேசக் கூடாது."

"சரி."

"நோட்டீஸ் பையை நீங்கதான் தூக்கணும்."

"தூக்குறேன்."

"அந்தச் சட்டையையாவது மாத்துங்க. பஸ்ஸுக்குப் போற மாதிரியே இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பிரச்சாரம் முடிய இருந்த மிச்ச நாட்கள் முழுவதும் அவள் முன்னால் நடந்தாள், நான் பையோடு பின்னால் போனேன். அவள் எந்த வாசலிலும் ஓட்டு என்று ஆரம்பிக்கவில்லை. "உங்களுக்கு என்னைக்கு வந்துச்சு? எத்தனை குடம் பிடிச்சீங்க?" என்றுதான் ஆரம்பித்தாள். கேட்டதையெல்லாம் என் நோட்டீஸின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டாள். மேட்டுத் தெருவில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள், கடைக்கோடி வீடுகளுக்குக் காற்றுதான் வருகிறது என்று அவள் சொன்னபோது ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. தெரியாமல் இருந்தவன் நான் ஒருத்தன்தான். அவள் வர ஆரம்பித்த இரண்டாம் நாளில் ஆறேழு பெண்கள் கூடவே நடந்தார்கள். பாய் வீட்டம்மா வெயிலுக்கு நன்னாரி சர்பத் கரைத்துக் கொடுத்தார். மலையில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், மகளை எங்கள் வார்டில்தான் கட்டிக் கொடுத்திருந்தார். முதல் பஸ்ஸில் இறங்கி வந்து, மகள் தெரு முழுக்க, "இவரு எங்க கண்டக்டரு, நல்லவரு. கொஞ்சம் கத்துவாரு, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவளுக்குப் பின்னால் நடந்த அந்த நாட்களைப் போல நிம்மதியாக நான் எந்த பஸ்ஸிலும் வேலை பார்த்ததில்லை.

ஓட்டு எண்ணியபோது எனக்கு மூன்றாவது இடம். ஒரு கட்சிக்காரரையும் மற்ற சுயேச்சைகளையும் தாண்டியிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்னறை முழுக்கப் பெண்கள். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயித்தவரிடம் எல்லோரும் சேர்ந்து என்றைக்குப் போவது என்று அவளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான்தான் டீ போட்டேன். சர்க்கரை தூக்கலாகிவிட்டது. அதைப் பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அவளிடம் கேட்டேன்: "நீயாவது எனக்குப் போட்டியா?"

"உங்களுக்கு எதுக்குப் போடணும்?" என்றாள், மெஷினில் நூலைக் கோத்துக்கொண்டே. "நான் எனக்குல்ல போட்டுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அடுத்த தடவை நீ நிக்கிறியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இதைக் கேக்க உங்களுக்கு இம்புட்டு நாளாச்சு."