ஹீட்டர் குழாயில் வைத்த சென்சார்

டோர்லைஃபுக்குக் கடலைக் கண்டு பயமில்லை. கடலுக்கு அடியில் போகிற சுரங்கச் சாலையை நினைத்தால்தான் குலை நடுங்கும். நார்வேயில் அவன் வசிக்கிற சின்னத் தீவிலிருந்து எதிர்க்கரைக்குப் போக வேறு வழியும் கிடையாது. இறக்கம் ஒன்றும் செய்யாது; ஏற்றம்தான் எமன். சில வருடங்களுக்கு முன் அந்த ஏற்றத்தில்தான் அவனுடைய பழைய கார் கொதித்து நின்றுவிட்டது. ஒரே புகை, இருட்டு, எங்கிருந்தோ சைரன். மீன் ஆலையில் அரை ஆள் உயர மீனை அநாயாசமாகத் தூக்கிப் போடுகிற மனுஷன், அன்று சுவரைத் தடவித் தடவி வெளியே வந்து புல்லில் உட்கார்ந்து அழுதான்.

காரைச் சரிசெய்த கையோடு கடையில் தனியாக ஒரு வெப்பமானி வாங்கினான். அவன் அதைப் பொருத்தும்போது பக்கத்து வீட்டு கெயிர் வந்து எட்டிப் பார்த்தான்.

"சென்சாரை எங்கடா வைக்கப் போறே?"

"எஞ்சின் சுடுதண்ணி கார் ஹீட்டருக்குப் போற ரப்பர் குழாயில. நடுவுல வெட்டி, இடையில சொருகிட்டா முடிஞ்சுது."

"அட மடையா! எஞ்சின் ஹெட்டுல, தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாடி வை. எஞ்சினோட சூடு நெஜமாத் தெரியற இடம் அதுதான். ஒரு ஓட்டை போட்டாப் போதும்."

"டிரில் போடும்போது இரும்புத்தூள் உள்ள விழுந்தா?"

"ஹெட்டைக் கழட்டி வச்சுப் போடேன். எதுக்கெடுத்தாலும் பயமா உனக்கு?"

ஆமாம், பயம்தான். ரப்பர் குழாயிலேயே வைத்தான். குளிர்காலம் வந்ததும் ஊரில் எல்லோரையும் போல குளிர்காற்று எஞ்சினை ஆறவிடாதபடி ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் செருகினான், ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டான். பனிக்காலம் நெடுக வெப்பமானி முள் இருக்கவேண்டிய இடத்தில் சமர்த்தாக நின்றது. கெயிரிடம் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்ளவும் செய்தான்.

மே மாதம், தேசிய நாள். அந்த வருடத்தின் முதல் வெயில். எதிர்க்கரை ஊர்வலத்தில் பாடவேண்டிய அவன் மனைவி ஹால்டிஸ், வெள்ளிக் கொக்கிகள் வைத்த கனத்த கம்பளி உடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுரங்கத்தில் இறங்கும்போதே அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அவிஞ்சு போயிருவேன் போலிருக்கே! இன்னுமா ஹீட்டர்?" என்று அவளே நெம்புகோலைத் தள்ளி மூடினாள்.

முள் மெல்ல இறங்கியது. டோர்லைஃபுக்கு நெஞ்சில் பாரம் இறங்கியது போல இருந்தது. "பாத்தியா? எஞ்சின் குளுகுளுன்னு இருக்கு."

ஏற்றம் தொடங்கியது. ஹால்டிஸ் மூக்கைச் சுளித்தாள்.

"சர்க்கரை தீயற மாதிரி ஒரு வாசனை வருது."

"முன்னாடி போற லாரியா இருக்கும்."

"முன்னாடி லாரியே இல்ல, டோர்லைஃப்."

மிதித்தும் கார் இழுக்கவில்லை. முள் இன்னும் கீழேதான் கிடந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: ஹீட்டரை மூடினால் அந்தக் குழாயில் தண்ணீர் ஓடாது. ஆறிப்போன தண்ணீரை அல்லவா இவ்வளவு நேரம் நம்பிக்கொண்டிருந்தான்! நெம்புகோலை இழுத்துத் திறந்தான். முள் விர்ரென்று ஏறிச் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஐயோ! நிறுத்துடா!"

"இதுக்குள்ளயா? மாட்டேன்! ஹீட்டர் ஓடட்டும், சூட்டை அது கொஞ்சம் இழுக்கும். ஜன்னலைத் திற!"

வாய்க்கு வந்த ஜெபத்தை முணுமுணுத்தபடி, ஊர்ந்து ஊர்ந்து ஏற்றினான். கம்பளி உடைமேல் அனல் கொட்டியும் ஹால்டிஸ் அவன் முழங்கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

வெளிச்சம் தெரிந்தது. வெளியே ஓரங்கட்டியதும் எஞ்சின் தானாக நின்றது. ஆவி அடங்குகிற வரை இருவரும் தள்ளி நின்றார்கள். பிறகு ஹால்டிஸ் குனிந்து, ரேடியேட்டருக்கு முன்னால் இன்னமும் செருகியிருந்த அட்டையை உருவி எடுத்தாள்.

"மே மாசம் பொறந்தாச்சு. இதை எப்போ எடுக்கறதா இருந்தே?"

டோர்லைஃப் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"முள்ளு ஏறட்டும், அப்புறம் எடுக்கலாம்னு இருந்தேன்."