விரலில்லாத ஒற்றைக் கையுறை

"புதிதாகத் தொடங்குவோருக்கு, மிக மிக எளிது" என்று அந்த நோட்டீஸில் எழுதியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை காலை வகுப்பு. விரலில்லாத கம்பளிக் கையுறை பின்னக் கற்றுக்கொடுப்பார்கள். வீடு இருக்கும் பண்டமாரானிலிருந்து கிள்ளானுக்கு வந்து, அங்கே கொமுட்டர் ரயில் பிடித்து, போய் உட்கார்ந்தால் அத்தனை பேரும் பெண்கள். அறுபத்து மூன்று வயதில் கையில் ஊசியோடு ஆண்பிள்ளை நான் ஒருவன்தான்.

இந்த வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் கிள்ளானில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் ஏர்கான் குளிரில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஊசி போடுவதற்கு வசதியாக அவளுடைய இடது முழங்கைக்கு மேலே ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அதன்பிறகு அந்தக் கை விரல்களுக்கு ரத்தம் குறைவாகத்தான் போகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சொல்வது சுலபம். போர்வைக்குள் வைக்கலாமென்றால், ஊசி ஏறிய கை நர்ஸின் கண்ணில் படும்படி இருக்க வேண்டுமாம். முழுக் கையுறை போட்டால் விரல் நுனியின் நிறம் தெரியாதாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மாட்டும் அரைக் கையுறை ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். மணிக்கட்டில் பட்டை இறுக்குகிறது என்று நர்ஸ் அதையும் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டார். அந்தக் கையில் வாட்ச்கூடக் கட்டக்கூடாது. மூன்றாவது மணி நேரம் தொடங்கியதும், "கை மரத்துப் போச்சுங்க" என்பாள் அவள். நான் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். கோபம் கோபமாக வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

பட்டை இல்லாமல் நானே ஒன்று பின்னிவிடலாமென்றுதான் வகுப்புக்குப் போனேன். நீள்சதுரமாக ஒரு துண்டு பின்ன வேண்டும். அதை மடித்து, ஓரத்தைத் தைத்து, கட்டைவிரலுக்கு ஓர் இடைவெளி விட்டால் கையுறை. அவ்வளவுதான் வித்தை. முப்பத்திரண்டு நூல் கண்ணிகளை ஊசியில் ஏற்றினேன். அடுத்த வரிசை பின்ன இரண்டாவது ஊசியை நுழைத்தால், நுழையவே மாட்டேன் என்றது.

"அங்கிள், லூசா விடுங்க லா," என்றாள் சொல்லிக்கொடுத்த பெண். என் மகள் வயதுதான் இருக்கும்.

"விட்டுட்டுத்தான்மா இருக்கேன்."

"இதுவா? ஊசியே வளைஞ்சு போச்சு, பாருங்க."

நான் என்ன செய்வது? துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கப்பல் தளத்தில் கண்டெய்னர்களைக் கம்பி மாட்டித் திருகி இறுக்கியவன் நான். இறுக்கியதை இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவோம். ஒன்று தளர்ந்தால் நடுக்கடலில் ஆள் போய்விடுவான். கை அதையே பழகிவிட்டது. நூலைக் கண்டாலும் இழுக்கிறது.

ஐந்து முறை பிரித்துப் பிரித்துப் பின்னி, நான்காவது சனிக்கிழமை ஒன்றை முடித்தேன். மேசைமேல் வைத்தால் அட்டைப்பெட்டி மாதிரி தானாக நின்றது. பெருமையோடு எடுத்துக்கொண்டு டயாலிசிஸுக்குப் போனேன். நர்ஸ் அதை மனைவியின் கையில் மாட்டுவதற்கு முன்னால் மணிக்கட்டுப் பக்கம் தன் விரலை விட்டுப் பார்த்தார்.

"என் ஒரு விரலுக்கே இவ்வளவு டைட்டா இருக்கு அங்கிள். ஆன்டிக்கு இதைப் போட முடியாது."

மனைவி சிரித்தாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "இனிமே நான் ஊசியைத் தொட்டா என்னன்னு கேளு," என்று கையுறையைப் பைக்குள் திணித்தேன்.

"அடுத்த தடவை நூலையும் ஊசியையும் இங்க எடுத்துட்டு வாங்க. பக்கத்துல உக்காந்து பின்னுங்க," என்றாள் அவள், நான் சொன்னது காதில் விழாத மாதிரி.

என்னை வெளியே அனுப்பி அனுப்பி அலுத்துப்போன நர்ஸுகள் எப்போதோ ஒரு ஸ்டூலைக் கொடுத்திருந்தார்கள். அடுத்த தடவை நூலும் ஊசியுமாக அதில் உட்கார்ந்தேன். ஊசி ஏறாத வலது கையில் நூலுருண்டையை அவள் வைத்துக்கொண்டாள். நான் நூலை விரலில் சுற்றி முறுக்கக்கூடாது என்று அவள் உத்தரவு. அவள் கொஞ்சம் நூலை உருவிப் போர்வைமேல் தளரப் போடுவாள். அது தீர்ந்ததும் நான் வழக்கம்போல் இழுப்பேன். உடனே உருண்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"இழுக்காதீங்க. கேளுங்க, தரேன்."

இருபத்தெட்டு வருஷம் எவனிடமும் கேட்டு நின்றதில்லை. இப்போது ஒரு முழம் நூலுக்காக மனைவியிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. சண்டை போட்டேன். ஒரு நாள் எழுந்தே போய், கேன்டீனில் தே தாரேக் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வரும்போது போர்வைமேல் நூல் தயாராகக் கிடந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் டிவியை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கையுறைக்கு மூன்று வாரம் பிடித்தது. பார்க்க ஒன்றும் நன்றாக இல்லை. ஓரம் ஏறி இறங்கி, ஓரிடத்தில் கண்ணி விட்டுப்போய் ஓட்டைகூட இருந்தது. நர்ஸ் மணிக்கட்டுப் பக்கம் இரண்டு விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு மனைவியின் இடது கையில் மாட்டிவிட்டார்.

மூன்றாவது மணி நேரம் வந்தது. கை மரத்துப் போச்சு என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான்காவது மணி நேரத்திலும் சொல்லவில்லை. விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தேன். சூடு என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தச் சில்லிப்பு இல்லை. மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டு, "சரி, வலது கைக்கும் ஆரம்பிச்சுடலாமா?" என்றேன்.

"வேணாம்," என்றாள். "அந்தக் கையிலதான் நான் உங்க நூலைப் பிடிச்சிருக்கணும்."