அழுகைக்குப் பதில் அதிமதுரம்

எனக்கு ஆறாம் மாதம் நடந்தபோது திருப்பரங்குன்றத்தில் அப்பா இறந்துபோனார். "வயித்துப்பிள்ளக்காரி எழவு வீட்டுக்குப் போகக் கூடாது. அழுகவும் கூடாது, பிள்ளைக்கு ஆகாது" என்று மாமியார் என்னை அனுப்பவில்லை.

நான் அழவில்லை. அழுகை வந்ததாகவும் நினைவில்லை. தொண்டை மட்டும் அடைத்தபடியே இருந்தது. அதற்கு இதமாக இருக்குமென்று காளவாசல் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி, நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் கால் வீங்கியது. செக்கப்பில் பிரஷர் எகிறியிருந்தது.

"மாத்திரை தவிர வேற என்னம்மா சாப்பிடுற?" என்றார் டாக்டரம்மா. சொன்னேன்.

"தாய் கவலைப்பட்டா சுரக்குற ஹார்மோன் அம்புட்டும் பிள்ளைக்குப் போயிராது. அதுல பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே முறிச்சிரும். அதிமதுரம் அந்த வேலையைத்தான் கெடுக்கும். பிரஷரையும் ஏத்தும். இன்னையோட நிறுத்து."

"அப்ப அழுகலாமா டாக்டர்?"

"தாராளமா அழு."

நிறுத்தினேன். பிரஷர் இறங்கியது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

இப்போதெல்லாம் டாக்டரிடம் கேட்காமல் எந்த வேரையும் வாயில் வைப்பதில்லை. பிள்ளைத்தாய்ச்சி யாரிடமும் 'அழாதே' என்று சொல்வதுமில்லை. மகளுக்கு இரண்டு வயதாகிறது. அப்பாவுக்காக எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.